தொட்டிச் சுவரைப் பாருங்கள்: கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொளத்தூரிலும், செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்திலும் வண்ண மீன் வளர்த்து விற்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும்,

கோல்டுஃபிஷ்ஷுக்குப் பேன் விழுந்துவிட்டது, கோய்க்குப் பேன் விழுந்துவிட்டது என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “என்ன மருந்து சார் போடலாம்?” மருந்துப் பெயர் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பக்கத்துத் தொட்டிக்காரர் ஒன்று சொல்கிறார், யூடியூப்பில் இன்னொருவர் வேறொன்று சொல்கிறார். ஏதோ ஒன்றைப் போடுகிறீர்கள். மறுநாள் பேன் உதிர்ந்துவிடுகிறது. மீன் சுவரில் உரசுவதை நிறுத்தி, தீனி எடுக்கத் தொடங்குகிறது. மூன்றாவது வாரம் பார்த்தால் மறுபடியும் பேன். உடனே, போலி மருந்து கொடுத்துவிட்டான் என்று கடையில் போய்ச் சண்டை.

அந்தச் சண்டையில் பெரும்பாலும் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. அது எட்டாத இடத்தில், உங்கள் தொட்டிச் சுவரில், அடுத்த தலைமுறை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்தை மாற்றுவதற்கு முன்னால், இந்தப் பேன் எப்படிச் சேர்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மருந்து போடும் தேதியை அந்த முட்டைதான் முடிவு செய்ய வேண்டும்.

பேன் என்று சொல்கிறோமே தவிர, தலையில் ஊரும் பேனுக்கும் இதற்கும் உறவில்லை. இது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்தது. ஆர்குலஸ் என்பது இதன் பேரினப் பெயர். கோல்டுஃபிஷ், கோய் வியாபாரத்தோடு ஏறி உலகமெல்லாம் சுற்றிவந்தது ஆர்குலஸ் ஜப்பானிகஸ்; ஜெர்மன் விலங்கியலாளர் தீலே 1900-இல் அதற்குப் பெயர் வைத்தார். நம் நாட்டுக் கெண்டைக் குளங்களில் அதிகம் தொல்லை தருவது ஆர்குலஸ் சயாமென்சிஸ். இந்த இரண்டும் சேர்ந்து தாக்கும் கெண்டைக் குளத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 29,500 ரூபாய் இழப்பு என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. உணவு மீனுக்கே அந்த நிலை என்றால், செதிலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலே வாங்குபவர் பையைத் திருப்பிக் கொடுத்துவிடும் உங்கள் தொழிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஐரோப்பாவில் இந்தப் பேனை முதலில் பார்த்துப் படம் வரைந்து வைத்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மீனவர், லியோன்ஹார்ட் பால்ட்னர். ஆண்டு 1666. வலையில் விழுந்த பறவை, மீன், பூச்சி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து ஒரு கையெழுத்துப் பிரதியாகச் சேர்த்து வைத்த மனிதர். மீனோடு புழங்குகிற கைக்குத்தான் இதெல்லாம் முதலில் அகப்படும். உங்களிடமும் அப்படிப்பட்ட கண் இருக்கிறது. ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொண்டால் போதும்.

ஒரு பேனை ஹேண்ட் நெட்டில் இருந்து மெதுவாக எடுத்து, சின்னக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு விட்டுப் பாருங்கள். தட்டையாக, பச்சையும் பழுப்பும் கலந்து, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். முன்பக்கம் இரண்டு கரும் கூட்டுக்கண். அதன் கீழே இரண்டு வட்ட உறிஞ்சிகள். இவற்றால்தான் மீனின் வழவழப்பிலும் வழுக்காமல் நிற்கிறது. நான்கு ஜோடி நீச்சல் கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பேன் மீனை விட்டு மீனுக்குத் தாவுவதும், மீனை விட்டுவிட்டுச் சுவருக்குப் போவதும் இந்தக் கால்களால்தான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது வால் பக்கம் பாருங்கள். இரண்டு மடல் உள்ள சின்ன வால். ஆணா பெண்ணா என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். ஆணின் விதைப்பைகள் உடம்பில் இல்லை, அந்த வால் மடல்களுக்குள்தான் இருக்கின்றன. மடலுக்கு ஒன்றாக, நீள் முட்டை வடிவில் தெரியும். பெண்ணின் வால் அடியில் இரண்டு சின்ன உருண்டைப் புள்ளிகள். அவை விந்துப் பைகள். ஆணிடம் வாங்கிய விந்தைச் சேமித்து வைக்கிற இடம். பெண்ணின் சூலகமோ முதுகு நடுவில், மார்புப் பகுதி முழுக்க நீளமாகப் பரந்து கிடக்கும். முட்டை முதிர்ந்த பெண்ணைப் பார்த்தால், முதுகு நடுவில் வெளிர் நிறத்தில் உருண்டை உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்படி ஒரு பெண்ணைத் தொட்டியில் பார்த்தால் அன்றைக்கே கவனியுங்கள்; நாளை நாளை என்று தள்ளினால் அது சுவருக்குப் போய்விடும்.

சேர்க்கை மீனின் மேலேயே நடக்கிறது. ஆண் பெண்ணின் முதுகில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்கென்றே ஆணின் பின்னங்கால்களில் ஓர் ஏற்பாடு உண்டு: நான்காம் காலில் ஒரு முளை, மூன்றாம் காலில் அதற்குச் சரியாக ஒரு குழி. சட்டையில் வைத்துத் தைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி. பெண்ணின் காலை நடுவில் வைத்து இதை அழுத்திக்கொண்டால் மீன் எவ்வளவு துள்ளினாலும் பிடி விடாது. இனத்துக்கு இனம் இந்த முளையின் வடிவம் மாறும். அதனால் ஆய்வாளர்கள் எந்த இனம் என்று தெரிந்துகொள்ள ஆணின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பெண்ணின் வால் அடியில் விந்துப் பை இருக்கிறது, முட்டையோ முதுகு நடுவில் இருக்கிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் எனக்கு இதில் எப்போதும் பிடித்த இடம். முட்டை வெளியே வரும் வாசலுக்கு அருகில், ஒவ்வொரு விந்துப் பையிலிருந்தும் ஒரு குழாய் வந்து, கூரிய, உள்ளே துளையுள்ள ஒரு முள்ளில் முடிகிறது. முட்டை வெளியே வரும்போது இந்த முள் அதைக் குத்துகிறது. குத்திய துளை வழியாக விந்து உள்ளே போகிறது. ஒவ்வொரு முட்டையாக, வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் கருவுறுகிறது. நூற்றுக்கணக்கான முட்டையை இப்படி ஒன்றொன்றாகக் குத்தி அனுப்புகிற தாய் இறால் வகையில் வேறு அதிகம் கிடையாது.

அதே நேரத்தில் அந்தத் தாய் எங்கே நிற்கிறது? மீனில் இல்லை. இறாலில் பல வகைகள் கால்களுக்கு நடுவில் முட்டையைச் சுமக்கும், நண்டு வயிற்று மடலில் சுமக்கும். ஆர்குலஸ் சுமப்பதில்லை. முட்டை முதிர்ந்ததும் அது மீனை விட்டு இறங்கி நீந்துகிறது. கல், மரக்கட்டை, செடித் தண்டு, சிமெண்ட் சுவர், கண்ணாடி என்று உறுதியான ஏதாவது ஒரு பரப்பைத் தேடிப் பிடிக்கிறது. அங்கே மெல்ல நகர்ந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக முட்டைகளை வைத்து, ஒருவகைப் பசையால் ஒட்டிவிடுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் பக்கத்தில் இன்னொரு வரிசை. ஒரு தொகுதியில் சில பத்து முட்டைகளும் இருக்கலாம், சில நூறும் இருக்கலாம். வேலை முடிந்தால் தாய் செத்துவிடாது. மறுபடி மீனைத் தேடிப் போய், ரத்தம் குடித்து, அடுத்த தொகுதிக்குத் தயாராகும்.

அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும் அந்த முட்டைகளைச் சுவரில் பார்க்கப் பழகுங்கள். புதிதாக இட்டவை வெளிர் மஞ்சள். நாளாக ஆக பழுப்பேறும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு கருப்புக் கண் புள்ளி தெரியும். பாசி படிந்த சிமெண்ட் தொட்டியில் கண்டுபிடிப்பது சிரமம். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வரிசையாக இருப்பதால் சிக்கிவிடும்.

பேன் மருந்துகள் எல்லாம் உயிரோடு நீந்தும், ரத்தம் குடிக்கும், தோலுரிக்கும் உயிரைக் குறிவைத்துத் தயாரித்தவை. ஓட்டுக்குள், பசைக்குள் இருக்கும் முட்டைக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆர்குலஸ் ஜப்பானிகஸ் முட்டை 35 டிகிரி சூட்டில் சுமார் 10 நாளில் பொரிக்கும். 15 டிகிரிக் குளிரில் ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லாம் ஒரே நாளில் பொரிப்பதில்லை, முன்னும் பின்னுமாகப் பல நாள் இழுக்கும். பொரித்த குஞ்சு நீந்தியே பிறக்கிறது. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்துவிட்டால் தோலுரித்து வளர்ந்து, சில வாரத்தில் முட்டையிடத் தயாராகிவிடும். முதல் நாள் மருந்து, மூன்றாவது வாரம் மறுபடி பேன் என்ற உங்கள் புகாரை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். புது மருந்தைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை என்று தெரியும்.

சால்மன் பண்ணைக்காரர்கள் இந்தக் கணக்கை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நார்வே ஓர் உதாரணம். அங்கே சால்மனைத் தாக்கும் கடல் பேன் வேறு வகை; பெண் தன் முட்டைகளை இரண்டு நீளச் சரங்களாகப் பின்னால் தொங்கவிட்டபடி மீனின் மேலேயே இருக்கும். அரசு பண்ணைகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சராசரியாக மீன் ஒன்றுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேன். காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்த வாரங்களில் அந்த வரம்பு 0.2. ஆண் பேனையோ குஞ்சுப் பேனையோ அந்த வரம்பில் சேர்க்கவில்லை, முட்டை போடும் தாயை மட்டும்தான் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் யாரும் அப்படி எண்ணச் சொல்லவில்லை. ஆனால் நோய் வந்த மீனைக் காட்டும்போது எத்தனை பேன் என்று மட்டும் சொல்லாமல், முதுகில் முட்டை தெரிகிற பெண் எத்தனை என்றும் சொன்னால் உங்கள் தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று உடனே புரிந்துவிடும்.

இதே மடலில் இன்னொரு எதிரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்கிறீர்கள். ஆங்கர் வார்ம் என்று நீங்கள் சொல்லும் நங்கூரப் புழு, லெர்னேயா. பெயரில் புழு, பார்வைக்கும் புழு. அதுவும் இறால் குடும்பத்துச் சொந்தம்தான். ஆனால் பிள்ளை பெறும் விஷயத்தில் மீன் பேனுக்கு நேர் எதிர்.

லெர்னேயாவில் மீனுக்குள் புதைந்து தொங்குவது எல்லாமே பெண். சிறு வயதில் ஆணும் பெண்ணும் கண்ணுக்குத் தெரியாத அளவில், பெரும்பாலும் செவுளில் வாழ்கின்றன. அங்கேயே சேர்க்கை முடிகிறது. ஆண் அதோடு செத்துவிடும். ஒரே ஒரு முறை வாங்கிய விந்தோடு பெண் மீனின் தோலுக்குள் தலையைச் செலுத்தி, தலையில் நங்கூரக் கொம்புகளை வளர்த்து, உடம்பு நீண்டு குச்சியாகிவிடும். நீங்கள் வெளியே பார்ப்பது அதன் பின்பகுதி. அதன் நுனியில் V மாதிரி தொங்கும் இரண்டு சின்னப் பைகள்தான் முட்டைப் பைகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டை. அவை தண்ணீரில் பொரித்து, நான்கு நாள் அளவில் மீனே தேவைப்படாமல் நீந்தி, பிறகுதான் மீனைத் தேடும். 25 முதல் 30 டிகிரி சூட்டில் ஒரு சுற்று முடிய மூன்று வாரம் போதும். தாயோ ஒரு மாத அளவு உயிரோடு இருந்து, பை காலியானதும் அடுத்த ஜோடிப் பையை உருவாக்கிக்கொண்டே இருக்கும்.

மீன் பேனில் தாயைப் பிடிக்கலாம், முட்டையை மருந்தால் பிடிக்க முடியாது. நங்கூரப் புழுவில் தாய் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. இனி தோலுரிக்கவும் போவதில்லை என்பதால் தோலுரிப்பைத் தடுக்கும் மருந்துகள் அதைத் தொடாது. மருந்தில் மாட்டுவது தண்ணீரில் நீந்தும் குஞ்சுகள்தான். அதனால் ஆங்கர் வார்முக்கு வாரம் ஒருமுறை வீதம் மூன்று நான்கு வாரம் விடாமல் போட வேண்டும்; தாயின் ஆயுள் முடியும் வரை வெளியே வருகிற ஒவ்வொரு தொகுதியையும் பிடிக்க வேண்டும். சிலர் சாமணத்தால் புழுவைப் பிடுங்கித் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அறுந்த முட்டைப் பையிலிருந்தும் குஞ்சு பொரிக்கும். பிடுங்கியதைக் காகிதத்தில் சுருட்டி வெயிலில் போடுங்கள், மீனின் காயத்தைக் கவனியுங்கள். தலை உள்ளே அறுந்து நின்றால் அந்தப் புண் சீழ் பிடிக்கும்.

மீன் பேனுக்கு வருகிறேன். தொட்டி வைத்திருப்பவர்கள் முதலில் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்து கொடுங்கள். பழைய தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது சுவரைத் தேய்க்காதீர்கள். பெயர்ந்த முட்டை அடியில் விழுந்து அங்கேயே பொரிக்கும். முழுக்க வடித்து, ஈரம் இருக்கும்போதே பிளேடாலோ கம்பி நாராலோ சுரண்டி, சுரண்டியதைக் கூட்டி வெளியே கொட்டி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்துபோன முட்டை பிழைக்காது. ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் டியூப், கல், அலங்கார மண்பானை எல்லாம் அதே வெயிலில் போக வேண்டும். தொட்டிக்குத் தொட்டி மாற்றும் ஹேண்ட் நெட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மண் குளம் வைத்திருப்பவர்களால் காயவைக்க முடியாது. அவர்களுக்குப் பேனின் பழக்கமே உதவும். முட்டையிட உறுதியான பரப்பு தேடுகிறது அல்லவா, அதை நாமே கொடுக்கலாம். மூங்கில் கழி, பழைய பலகை, பிளாஸ்டிக் தகடு இவற்றைக் குளத்தில் ஆங்காங்கே செங்குத்தாகத் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்டி வெயிலில் காட்டிவிட்டு மறுபடி விடுங்கள். முட்டை பொரிக்க இரண்டு வாரம், நீங்கள் எடுப்பது ஒரு வாரத்தில். அவற்றில் இட்ட எந்த முட்டையும் தப்பாது. வட அயர்லாந்தில் ஒரு டிரவுட் மீன்பிடி ஏரியில் இதே மாதிரிப் பலகைகளை மிதக்கவிட்டு முட்டைகளை எடுத்துப் பேன் தொல்லையைக் குறைத்ததை 2002-இல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். குளத்தில் வேறு கட்டைகள், குச்சிகள் கிடந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேன் உங்கள் பலகையை மட்டும் தேடி வராது. மருந்தும் போடுவதென்றால் முதல் தடவைக்கு இரண்டு வாரம் கழித்து ஒன்று, இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று, பொரித்த குஞ்சு தாயாவதற்கு முன்னால் பிடிக்கும்படி தேதி வையுங்கள்.

மருந்து பற்றி ஒரே ஒரு வார்த்தை. நுவான் என்ற பெயரில் நாம் எல்லோரும் அறிந்த டைக்ளோர்வாஸையும், டிரைக்ளோர்ஃபானையும் மத்திய அரசு 2018-இல் போட்ட ஆணைப்படி 2020 டிசம்பர் 31-உடன் நாட்டில் முற்றிலும் தடை செய்துவிட்டார்கள். பழைய பாட்டில் யார் வீட்டிலாவது இருந்தால் தொட்டிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அதைத் தொட்டிக்குள் ஊற்றியவர்களின் கையும் மூக்கும் அதே தண்ணீரில்தான் இருந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கடைசியாக, மொத்த வியாபாரம் செய்கிற அண்ணன்மாரிடம் ஒரு கோரிக்கை. மீனோடு சேர்த்து அதே தொட்டியிலிருந்து பிடுங்கிய செடியைக் கட்டிக் கொடுக்காதீர்கள். பேன் தெரியாத மீனாகப் பார்த்துப் பையில் போட்டுக் கொடுத்தாலும், செடித் தண்டில் இருக்கும் முட்டை வாங்கியவர் வீட்டில் பொரிக்கும்; அவர் திரும்பி வந்து உங்களைத்தான் கேட்பார். வெளியூரிலிருந்து வந்த மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, அந்தத் தொட்டியின் சுவரை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். இடமில்லை, முதல் முடங்கும் என்று சொல்வீர்கள். தெரியும். மூன்று வாரத் தீனிச் செலவையும், ஒரு முறை பேன் பரவினால் ஆகும் செலவையும் நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் பேனை என்னிடம் கொண்டு வாருங்கள், மைக்ராஸ்கோப் மாலையில் எப்போதும் திண்ணையில் இருக்கும். நசுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவராதீர்கள். தொட்டித் தண்ணீரோடு சின்ன டப்பாவில் உயிரோடு கொண்டுவாருங்கள். முடிந்தால் சுவரிலிருந்து சுரண்டிய முட்டையையும் ஈரத்தோடு தனி டப்பாவில். கண் புள்ளி வந்திருக்கிறதா என்று பார்த்து, பொரிக்க ஏறக்குறைய எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தெருப் பழைய விலங்கியல் வாத்தியார்